குழாய்க்குள் பெய்த மழை

அன்புள்ள மருமகன் தாஹிர் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் பாலாவியில் எல்லாரும் சுகம், என் மூக்கைத் தவிர. போனில் சொன்னால் பாதியில் சிரிக்கிறீர்கள், அதனால் கடிதம்.

உறக்கத்தில் என் மூச்சு நின்றுவிடாமல் காற்று ஊதுவதற்கென்று நீங்கள் கட்டாரிலிருந்து அனுப்பிய மெஷின் நன்றாகத்தான் ஊதியது. குறட்டையும் நின்றது. ஆனால் குழாய்க்குள் குளுகுளு என்று தண்ணீர் உருண்டு வந்து, முகமூடி வழியாக நேரே என் மூக்குக்குள் இறங்கியது. நான் திமிங்கிலம் போலச் சீறி எழும்ப, உங்கள் மாமி றம்லா, "கொறட்டையாச்சும் பழகின சத்தம். இது என்ன புது வில்லங்கம்? இத நிப்பாட்டுற வரைக்கும் நான் வரமாட்டன்" என்று தலையணையோடு கற்பிட்டிக்கு, உங்கள் வீட்டுக்கே பஸ் ஏறிவிட்டாள். மெஷினைக் கழற்றினால் மூச்சு நின்றுவிடும் என்கிறார் டொக்டர். மாட்டினால் மனைவி நிற்கமாட்டாள்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காலமெல்லாம் உப்பளத்தில் நின்றவன் நாக்கு சும்மா இருக்குமா, தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை. ஆகவே கடல்காற்றின் வேலை இல்லை, மெஷினோடு இருக்கிற தண்ணீர்ப் பெட்டியின் ஆவிதான். மெஷின் அதைச் சூடாக்கித் தூக்குகிறது, நீங்கள் போன பெருநாளுக்குப் பூட்டித் தந்த ஏசி குளிரவைத்து இறக்குகிறது. இரண்டும் உங்கள் அன்பளிப்பு மகன், ஒன்றுக்கொன்று ஆகவில்லை. போதாததற்கு, எறும்பு ஏறுமென்று மெஷினை அலுமாரிக்கு மேலே வைத்திருந்தேன். பாத்திக்குத் தண்ணீர் பாய வாய்க்காலைச் சரித்து வெட்டத் தெரிந்தவன், என் முகத்துக்கே வெட்டியிருக்கிறேன்!

மெஷினைக் கட்டிலைவிடத் தாழ இறக்கினேன். ஏசியின் குளிரைக் குறைத்தேன். பழைய சாரத்தைக் கிழித்துக் குழாய்க்கு ஒரு சட்டை தைத்து மாட்டினேன். காலையில் பார்த்தால் குழாய் காய்ந்து கிடந்தது. றம்லாவிடம் போனில் சொன்னேன். "மெய்யாவா? வந்து பாத்துட்டுத்தான் தலையணைய இறக்குவன்" என்றாள். எனவே நீங்கள் சொன்ன, தானாகச் சூடேறும் குழாய் தேவையில்லை.

உங்கள் தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அறையில் உள்ளவர்களுக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
மாமா ஹமீட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் றம்லா வந்துவிட்டாள். தண்ணீரும் திரும்ப வந்துவிட்டது. சத்தமே இல்லாதது அவளுக்குப் பயமாம். அடிக்கடி எழும்பி, குழாயின் சட்டையை உருவிவிட்டுக் காதை வைத்து, "மூச்சு ஓடுதா?" என்று கேட்கிறாள். உருவிய இடத்தில் குளிர் பிடித்துவிடுகிறது. மேலே தேவையில்லை என்ற சூடேறும் குழாயை அனுப்பச் சொல்லத்தான் இந்தப் பின்குறிப்பை எழுதத் தொடங்கினேன். வேண்டாம் மகன், அவள் காது சுட்டுவிடும். என் மூக்கில் நாலு சொட்டு விழுந்தால் விழட்டும்.