கனரக நியாயம்

நியாயம் எப்போது பிறந்தது என்று யாராவது கேட்டால், நாளையும் நேரத்தையும் என்னால் சொல்ல முடியும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. சாலைத் துறைக் கட்டடம், மூன்றாம் மாடி, கூட்ட அறை. பிரசவம் பார்த்தவர்கள் பதினோரு பேர். ஒருவருக்கும் வலி எடுக்கவில்லை. நான் அந்தக் குழுவின் குறிப்பெழுத்தன். பேசியதை எழுதுவதல்ல என் வேலை. பேசியிருக்க வேண்டியதை எழுதுவது.

குழுவின் முழுப்பெயர் 'வாகனச் சாலைப் பயன்பாட்டுக் கட்டண நியாய நிர்ணயக் குழு'. பெயர்ப்பலகை கதவின் அகலத்துக்கு அடங்காததால் 'நியாய' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மாட்டினார்கள்.

எங்கள் முன் வந்த சிக்கல் இது. பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்கள் லிட்டருக்கு இவ்வளவு என்று சாலை வரி கட்டி வந்தார்கள். மின்வண்டிக்காரர்கள் எரிபொருள் போடுவதில்லை, ஆகவே கட்டுவதுமில்லை. இந்த ஓரவஞ்சனையை ஒழிக்கக் குழுத் தலைவர் ஒரு வழி கண்டார். மின்வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர் பொருத்தப்படும். ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம்.

குழுவின் பதினோராவது உறுப்பினர் ஓர் இளம் பெண் பொறியாளர். சாலையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று விதி சொல்வதால் சேர்க்கப்பட்டவர். அவர் அந்த விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"தூரத்த மட்டும் பார்த்தா தப்பாயிடும் சார். ரோட்ட ஒடைக்கிறது எடைதான். அச்சு மேல எடை ரெண்டு மடங்கானா சேதம் பதினாறு மடங்கு ஆகும். பெட்ரோலா கரண்டாங்கிறது ரோட்டுக்குத் தெரியாது. ஒரு ஸ்கூட்டர் ஆயுசு பூரா ஓடினாலும் ஒரு கல் லாரி ஒரு நாள்ல பண்ற சேதத்தப் பண்ணாது."

'பொதுச் சாலைப் பயனாளர்' என்ற தகுதியில் குழுவுக்கு வந்திருந்த குவாரி முதலாளி பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவரிடம் நாற்பது லாரிகள் இருந்தன.

"மேடம், ரோடு போட்டதும் கடைசியா அதுமேல என்னத்த ஓட்டுறாங்க?"

"ரோடு ரோலர்."

"அது எடை கம்மியான வண்டியா?"

"இல்ல சார், ரொம்பக் கனம்."

"எதுக்கு ஓட்டுறாங்க?"

"அழுத்திச் சமப்படுத்த."

"அதத்தானே என் லாரிங்க தினமும் சும்மா பண்ணுதுங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய சொந்த மின்கார் இரண்டரை டன். அந்த நிமிடம்வரை அது வெறும் கார் என்றே அவர் எண்ணியிருந்தார். அது ஒரு பொதுத்தொண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்படியாக 'உருளைச் சலுகை' பிறந்தது. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வாகனங்கள், மின்சாரமோ டீசலோ, சாலையைச் சமப்படுத்தும் சேவையைக் கருத்தில்கொண்டு கட்டணத்திலிருந்து விலக்கப்படும். பொறியாளர் பேசியதை என் குறிப்பில் "தேநீர் வழங்கப்பட்டது" என்று பதிவு செய்தேன். மறுவாரமே அவர் துறையின் மாடித்தோட்டப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார். அங்கே கனமானது எதுவும் ஓடுவதில்லை.

திட்டத்தை ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தலைவரின் கார் கிடைத்தது, ஒரு லாரி கிடைத்தது. சாதாரணக் குடிமகனின் வண்டி ஒன்றுதான் கிடைக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பஸ்ஸில் போகிறவன். ஆகவே என் அக்காவைக் கொடுத்தேன்.

அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலி. ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் போடக் கற்றுக்கொடுப்பாள். ஒரு மின் ஸ்கூட்டர் வைத்திருந்தாள்.

"ஒரு மாசம்தான்க்கா. அரசாங்கத்துக்கே உதவின மாதிரி இருக்கும்."

"உன் வேலைக்கு உதவின்னு சொல்லு. மீட்டர மாட்டிட்டுப் போறேன்."

மாதம் முடிந்ததும் அக்காவுக்குச் சான்றிதழ் கொடுக்கக் குழு அவளை அழைத்தது. முடிவுகளை நான் எழுந்து நின்று வாசித்தேன். தலைவரின் கார்: கட்டணம் இல்லை. லாரி: கட்டணம் இல்லை, டீசலில் கட்டிய வரியும் திரும்பக் கிடைக்கும். ஸ்கூட்டர்: ஆயிரத்து முன்னூற்று ஆறு கிலோமீட்டர், முழுக்கட்டணம். எல்லோரும் கைதட்டினார்கள். மீட்டர் சரியாக வேலை செய்திருந்தது.

அக்கா சான்றிதழை வாங்கவில்லை.

"குவாரிக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் இருக்கார் சார். சக்கரை வியாதி, கால்ல புண்ணு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும். நேரா போனா நாலு கிலோமீட்டர். ரோடு பூரா பள்ளம், ஸ்கூட்டர் போகாது. சுத்திப் போனா பதிமூணு. அந்தத் தூரத்துக்கும் நான் ஏன் கட்டணும்?"

"சுத்திப் போனதும் ரோட்டுலதானேம்மா," என்றார் தலைவர் கனிவாக.

"பள்ளத்தப் பண்ணினது யாரு?"

"அது பள்ளம் இல்லம்மா," என்றார் குவாரி முதலாளி. "கொஞ்சம் அதிகமா சமப்படுத்தின இடம்."

தலைவர் குறுக்கிட்டார். "உங்க வண்டி எடை எவ்வளவும்மா?"

"தொண்ணூறு கிலோ."

"அதான் விஷயம். நீங்களும் ரெண்டு டன்ல ஒரு வண்டி வாங்கிட்டா உங்களுக்கும் சலுகை உண்டு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மாடிப்படியில அந்தப் பொறியாளர் பொண்ணப் பார்த்தேன். பூந்தொட்டி தூக்கிட்டுப் போகுது. கூட்டத்துல பேசினத எல்லாம் சொல்லிச்சு. நீ அத எழுதினியாடா?"

"எல்லாத்தையும் எழுத முடியாதுக்கா. இடம் இருக்காது."

"டீ வந்ததுக்கு இடம் இருந்துச்சாமே."

அரசாங்கத் தமிழில் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. நான் டீ போட எழுந்து போனேன்.

கட்டணம் வந்தபின் அக்கா தன் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். தூரத்து வீடுகளுக்கு வாரம் ஒரு முறைக்கு மேல் போகக் கட்டுப்படியாகவில்லை. தையல்காரரிடம் அதிகம் வாங்கலாம் என்றால் அவரிடம் இல்லை. கட்டு மாற்றுவதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணும் தன்னால் முடிந்ததைச் செய்தாள். ஐம்பதாம் நாள் தையல்காரரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மெஷினை மிதிக்கும் கால்.

செய்தி கேட்டுத் தலைவர் உருகிப்போனார். உடனே சொந்தப் பொறுப்பில் மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றை வரவழைத்து, தையல்காரரை அதில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். குவாரி முதலாளி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தில் மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. மின்கலம் இருந்தது. இரண்டு டன் இல்லை. விதி என்றால் விதி. மீட்டரும் படிவமுமாக, மீட்டர் பொருத்துகிறவரையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்கு நானே போனேன்.

ஒற்றை அறை. தைத்து முடிக்காத சட்டைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. அக்கா கீழே உட்கார்ந்து மீதிக் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மீட்டர்காரர் நாற்காலியின் அடியில் திருகாணியை முடுக்கினார்.

தையல்காரர் படிவத்தை முழுவதும் படித்தார். அவசரப்படவில்லை.

"நான் எந்த ரோட்ட ஒடச்சேன் தம்பி?"

"அதுக்குப் படிவத்துல இடம் இல்லீங்க. 'சாலைச் சேதத்துக்குப் பொறுப்பானவர்'னு இருக்கு பாருங்க, அங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து உறுப்பினர்கள், நாற்பது லாரிகள், இரண்டரை டன் கார், எதையும் விடாமல் எழுதும் ஒரு குறிப்பெழுத்தன். எங்களில் ஒருவர் பெயரையும் அந்த இடத்தில் எழுத நேராமல், நடக்க முடியாத ஒரு மனிதரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம். இதைவிட நியாயமான கட்டணத்தை நாங்கள் யாரும் செலுத்தத் தயாராக இல்லை.