கலைத்துப் போட்ட எழுத்து

டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டின மறு வருஷம் நான் ஒரு தீர்மானம் செய்தேன். இனி என் மனைவியோடு சண்டை போடுவதில்லை. போட்டி போடுவது.

சண்டையில் நான் இதுவரை ஜெயித்ததில்லை. அதில் விதி கிடையாது, பிரம்மநாயகி வைத்ததுதான் சட்டம். போட்டி என்றால் அதற்கு விதி உண்டு. விதியை நானே எழுதலாம். முன்சீப் கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கிற நாறும்பூநாத பிள்ளைக்கு எழுத்தில் யார் எதிர் நிற்க முடியும்? எங்கள் ஊர் சிந்துபூந்துறை முழுக்கக் கேட்டுப் பாருங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது நல்லது.

விஷயம் ஒரு கதவு. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் தாமிரபரணி ஓடுகிறது. ஆனால் சுவரில் வாசல் கிடையாது. தண்ணீருக்குப் போகிறவள் முன்வாசலில் இறங்கி, தெரு முழுக்க நடந்து, பிள்ளையார் கோயில் முக்கைச் சுற்றிப் படித்துறைக்குப் போக வேண்டும். அப்புறம் இடுப்பில் குடத்தோடு அத்தனை தூரமும் திரும்ப வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்பது ஒன்றுதான். பின்சுவரில் ஒரு கதவு.

"கதவு வச்சா கள்ளன் வருவான்" என்பேன்.

"வந்து என்னத்த எடுக்கப் போறான்? உங்க ஓலை நறுக்கையா?"

"சுவர் எங்க ஐயா கட்டினது. அதை இடிக்கவா?"

"இடிக்கச் சொல்லலியே. ஆள் நுழைய ஒரு ஓட்டை போடச் சொல்லுதேன்."

உண்மைக் காரணம் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கதவு என்று ஒன்று வந்தால் ராத்திரி அதற்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். எனக்குத் தூக்கம் முக்கியம்.

போன மாதம் கோயில் முக்கில் அவள் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. குடம் நசுங்கிவிட்டது. நான் மிகவும் மனம் வருந்தி, குடத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு வந்து கொடுத்தேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் ரசத்தில் உப்பு இல்லை. அப்போதுதான் மேற்படி தீர்மானம் பிறந்தது.

அந்த ஓலை நறுக்கு என்னவென்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பூதலிங்கம் அண்ணாச்சி பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவர். சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒரு வார்த்தையை எடுத்து, நறுக்குக்கு ஓர் எழுத்தாக எழுதிக் கலைத்துப் போட வேண்டும். எதிராளி அதைச் சேர்த்து வார்த்தையையும் அர்த்தத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் எனக்கு நிகர் நானே. அண்ணாச்சிக்கு அது பிடிக்காது.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது பந்தயத்தைச் சொன்னேன்.

"ஏளா, நாளைக்கு நாலு வார்த்தை கலைச்சுப் போடுதேன். ஒண்ணே ஒண்ணு சரியாச் சொல்லு, கதவு வச்சுத் தாரேன். நாலுலயும் தோத்தா, கதவு வேணும்ங்கற பேச்சை இந்த ஜென்மத்துல எடுக்கப்படாது."

அழுவாள், கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக மோர் ஊற்றினாள்.

"நான் எழுத்துக்கூட்டிப் படிக்கவ. கொஞ்சம் யோசிக்கணுமே."

"எவ்வளவு வேணும்னாலும் யோசி."

"நறுக்கை அடுப்படிக்கு எடுத்துட்டுப் போய் யோசிப்பேன். நீங்க அங்கன வந்து நின்னு சிரிச்சா எனக்குக் குழம்பிப் போவும்."

"வரவே மாட்டேன். சத்தியம்!"

"பொழுது சாயுத வரைக்கும்?"

"பொழுது சாயுத வரைக்கும்!"

சத்தியத்தை இவ்வளவு சுலபமாக என்னிடம் வாங்கியவர்கள் கோர்ட்டில்கூடக் கிடையாது.

ஞாயிறு காலை. முன்கட்டில் பத்தமடைப் பாய் விரித்து நடுவில் நான். பக்கத்தில் நடுவராகப் பூதலிங்கம் அண்ணாச்சி. முதல் வார்த்தை 'விருது'. ரு, வி, து என்று போட்டேன். அவள் மூன்று நறுக்கையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நானும் அண்ணாச்சியும் ஊர்க்கதை பேசி முடித்தோம். அவள் வரவில்லை. கொல்லைப் பக்கம் 'தொம் தொம்' என்று சத்தம் கேட்டது.

"அங்கன என்ன சத்தம்?" என்று கூவினேன்.

"அரிசி இடிக்கேன்! இடிச்சுக்கிட்டே யோசிக்கேன்!"

ஒருவழியாக வந்தாள். தலையெல்லாம் வெள்ளை. நன்றாகத்தான் இடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"கண்டுபிடிச்சிட்டேன். துருவி."

"எது?"

"து, ரு, வி. துருவி. தேங்கா துருவுதது."

விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏளா, அது விருது! ராஜா கொடுக்கது! நீ தேங்காய்க்குள்ளயே கிட!"

"துருவியும் வார்த்தைதானவே" என்று அண்ணாச்சி முனகினார்.

"என் மனசுல இருக்க வார்த்தைதான் கணக்கு அண்ணாச்சி. விதி அப்படி."

"அதுஞ்சரி. உம்ம மனசுல இருக்கதுதான் எப்பவும் கணக்கு" என்றார் அவர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வார்த்தை 'குருதி'. ரத்தம் என்று பொருள். உள்ளே கொண்டு போனாள். இம்முறை 'டக் டக்' என்று உளிச் சத்தம் மாதிரி வந்தது.

"இப்பம் என்ன?"

"தேங்கா உடைக்கேன்!"

"இத்தனை தேங்காயா?"

"சில தேங்கா மனுசர மாதிரி. லேசுல உடையாது!"

மத்தியானம் ஆகிவிட்டது. வந்து சொன்னாள். "திருகு."

"திருகா?"

"காதைத் திருகுததுக்குச் சொல்லுதது."

நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு குருதியை விளக்கினேன். அவள் வாய் பிளந்து கேட்டாள். "உங்களுக்கு எம்புட்டு வார்த்தை தெரியுது!" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் நாற்பது வார்த்தை கலைத்துப் போட்டிருப்பேன்.

சாப்பாடும் முன்கட்டுக்கே வந்தது. கை கழுவ எழுந்தேன். "நீங்க எந்திரிக்காதிய" என்று செம்பும் தாம்பாளமுமாக ஓடி வந்தாள். "பண்டிதர் மாதிரி உக்காந்திருக்கிய. அங்கன வந்து புகையில நிக்கணுமா?" உட்கார்ந்த இடத்தில் கை கழுவினேன். என் ஐயாவுக்குக்கூட இந்த மரியாதை நடந்ததில்லை.

மூன்றாவது 'மிருகம்'. நான்கு நறுக்கு. இந்தத் தடவை உள்ளே 'கர், கர்' என்று அறுக்கிற சத்தம்.

"அண்ணாச்சி, ரம்பச் சத்தம் கேக்குதில்லா?"

"எனக்கு நெஞ்சுச் சளிவே" என்று சொல்லிவிட்டு அவர் நீளமாக இருமினார். இருமி முடித்த பிறகும் சத்தம் கொஞ்சம் வந்தது. வயதானால் சளி அப்படித்தான்.

பிரம்மநாயகி வெகு நேரம் கழித்து வந்தாள். நறுக்குகளை என் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். க. ரு. மி. கடைசியில் ம்.

"கருமி" என்றாள். என்னைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "ம்."

அண்ணாச்சிக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. நான் மட்டும் நிதானம் தவறவில்லை.

"தப்பு. மிருகம்."

"அதுவும் பொருந்தத்தான் செய்யுது" என்றாள் பைய.

இனி நாலாவது, கடைசி. இதற்காகவே இரண்டு ராத்திரி மூளையைக் கசக்கியிருந்தேன். த, க, வு என்று மூன்று நறுக்கு. யாரைக் கேட்டாலும் கதவு என்பார்கள். கதவுக்காகவே உயிரை விடுகிறவள் வேறு என்ன சொல்வாள்? ஆனால் என் மனதில் இருந்தது 'தகவு'! அதைத் தனி நறுக்கில் எழுதி அண்ணாச்சியின் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் முன்கூட்டியே வைத்துவிட்டேன்.

வெயில் இறங்கியிருந்தது. உள்ளே சத்தமெல்லாம் அடங்கியிருந்தது. நறுக்கைப் போட்டேன். இம்முறை அவள் உள்ளே கொண்டு போகவில்லை. நின்றபடி பார்த்துச் சட்டென்று சொன்னாள்.

"கதவு."

"ஆகா!" என்று குதித்தேன். "எடுங்க அண்ணாச்சி பெட்டியை! தகவு! தகுதின்னு அர்த்தம்! பெருமைன்னு அர்த்தம்! நல்லொழுக்கம்னு அர்த்தம்! தோத்தியா?"

"தோத்துட்டேன்" என்றாள்.

"பந்தயம் என்ன?"

"கதவு வேணும்ங்கற பேச்சை இந்த ஜென்மத்துல எடுக்க மாட்டேன். சத்தியம்."

அவ்வளவு அடக்கமாகச் சொன்னாள். எனக்கே மனம் இளகிவிட்டது. ஜெயித்தவன் தாராளமாக இருக்க வேண்டுமில்லையா? "முழங்கால் வலிக்கா?" என்று ஆதரவாகக் கேட்டேன். "இப்பம் தேவலை. பொழுது சாஞ்சிட்டு. உங்க சத்தியமும் முடிஞ்சிட்டு. போய்க் கால் முகம் கழுவிட்டு வாங்க" என்றாள்.

வெற்றி நடையாகக் கொல்லைக்குப் போனேன். ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது. எங்கள் கொல்லையில் காற்று வருவதில்லையே என்று நிமிர்ந்தேன்.

என் ஐயா கட்டின சுவருக்கு நடுவில் தாமிரபரணி தெரிந்தது.

ஆற்றுக்கு முன்னால் ஒரு நிலை. நிலையில் இரட்டைக் கதவு. அதில் மஞ்சளும் குங்குமமும். பக்கத்தில் உளியும் ரம்பமுமாக ஒரு தச்சர். கொத்தனார் ஒருவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு நடுவில் அம்பாசமுத்திரத்திலிருந்து வண்டி கட்டி ஆற்றுப் பக்கமாகவே வந்து இறங்கிய என் மச்சினன் ஐயம்பெருமாள். என்னைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்தான்.

"வாங்க அத்தான். அக்கா ரெண்டு வாரத்துக்கு முந்தியே சொல்லி விட்டுட்டா. நல்ல தேக்கு. காலையிலேயே முடிஞ்சிருக்கும், உங்க ஐயா சுவரைக் கெட்டியாக் கட்டிட்டாக."

பூதலிங்கம் அண்ணாச்சியின் மனைவி கோமு ஏற்கெனவே எங்கள் புது வாசல் வழியாக ஒரு குடம் தண்ணீர் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அண்ணாச்சிக்கு நெஞ்சுச் சளி எதனால் வந்தது என்று அப்போது விளங்கிற்று.

திரும்பினேன். பின்னால் பிரம்மநாயகி நின்றாள்.

"இது என்ன?" என்றேன்.

"அந்தப் பேச்சை எடுக்கப்படாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே" என்றாள். பிறகு பாவம் என்று தோன்றியதோ என்னவோ, கொஞ்சம் இறங்கி வந்தாள். "மூணே எழுத்துதான இருந்துச்சு. நீங்க ஜெயிச்ச வார்த்தை உங்களுக்கு. நான் தோத்த வார்த்தை எனக்கு."

தகவோடு நின்றேன். வேறு என்ன செய்ய? ஆற்றுக் காற்று நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லியும் தொலைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. சரி, கதவு போகட்டும், தாழ்ப்பாளை அவளே பார்த்துக்கொள்வாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவள் அடுப்படிக்குள் போய், நான் தட்டி நிமிர்த்தின குடத்தை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"இத்தனை நாளும் நீங்க தெரு வழியாத் தூக்கிட்டு வந்தா ஆளுக சிரிக்கும்னு நான் வாயே திறக்கல" என்றாள். "இப்பம் இங்கன யாரு பாக்கப் போறா?"

மறுநாள் விடியலில், கோர்ட்டுக்குப் போகும் முன், மூன்று குடம் தண்ணீர் எடுத்தேன்.