ஏழாவது பீஸ்

தென்காசி ரோட்டில் எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற எந்த வண்டியை வேண்டுமானாலும் நிறுத்தி ஹாரனை அடித்துப் பாருங்கள். சத்தம் வந்தால் அது ‘ஒண்ணொண்ணா’ கை வைத்த வண்டி. வராவிட்டால் அவர் இன்னும் ஹாரன் வரைக்கும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

இராஜபாளையத்தில் ஒரு டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை வைத்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் “ஒண்ணொண்ணா வருவோம்” என்பார், அதுவே பெயராகிவிட்டது. வடையையும் டீயையும் சேர்த்து வாங்க மாட்டார். வடையைத் தின்று, கை கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் டீ சொல்வார். போனில் பேசிக்கொண்டே நடக்க மாட்டார். மணி அடித்தால் நடு ரோடு என்றாலும் அங்கேயே நின்று பேசி முடிப்பார். மினி பஸ்காரர்கள் பழகிப்போய் அவரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போவார்கள். அவர் கல்யாணத்தில் போட்டோக்காரர் “சிரிச்சுக்கிட்டே மாலையப் பிடிங்க” என்று சொல்ல, மனிதர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தாராம். அந்தப் படத்தை அவர் மனைவியே எனக்குக் காட்டியிருக்கிறார்.

இவரை எங்கள் வீட்டுக்கு வரவழைத்தது என் அத்தானின் சுத்தம்.

அத்தான் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அக்காவை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காகவே, சென்னையில் ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்த ஒரு பழைய கேரவன் வேனை வாங்கியிருந்தார். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். மேளச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் யாரோ தாழ்ப்பாளைத் தட்டி எடுத்து அவளைத் தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து சர்ச்சுக்குத் தவிர வேறு எங்கேயும் வரமாட்டாள். சொந்தமாகக் கழிவறை வைத்த வண்டி என்றதும் அரை மனதாகச் சரி என்றாள். ஒரு வாரம் கழித்துக் காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

அத்தான் வண்டியைக் கழுவினார். உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். அதோடு நின்றிருக்கலாம். ஃபியூஸ் பெட்டியில், எங்கள் பேச்சில் பீஸ் பெட்டியில், எந்த பீஸ் எதற்கு என்று ஒட்டியிருந்த அழுக்கு ஸ்டிக்கர்களையும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார். பெட்டி கண்ணாடி மாதிரி பளபளத்தது. மெயின் பீஸ் தனியாக, அதற்குக் கீழே ஏழு பீஸ், ஒன்றுக்கும் பெயர் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், வழியில் ஒன்று போனால் எதை மாற்றுவது என்று அக்கா கேட்டாள். அத்தான் ஒண்ணொண்ணாவுக்குப் போன் போட்டார்.

வந்தவர் பெட்டியைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு தெருவில் ஆள் திரட்டி, வேனில் ஒரு சாமானுக்கு ஒரு ஆளாக நிறுத்தினார். ஒரு ஆள் இரண்டு சாமானைக் கவனித்தால் இரண்டையும் கவனிக்க மாட்டான் என்பது அவர் கட்சி. வாட்டர் மோட்டாருக்கு அத்தான். பிரிட்ஜுக்கு நான். பேனுக்கு அடுத்த வீட்டு எஸ்தர் டீச்சர். லைட்டுக்கு எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா. டி.வி.க்கு இஸ்திரிக்காரர். பால் ஊற்ற வந்த பால்காரரைக்கூட விடவில்லை. போன் சார்ஜ் போடுகிற இடத்தில் நிறுத்திவிட்டார். முட்டி வலிக்காரி என்று அக்காவை மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

அவர் மெயின் பீஸ் பக்கத்தில் நின்றுகொண்டு, குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நின்றுபோன சாமானுக்கு உரியவர் குரல் கொடுக்க வேண்டும். எஸ்தர் டீச்சர் வகுப்பில் இருப்பதுபோல் கையைத் தூக்கினார். தெலுங்குக்கார அம்மா “போயிந்தி” என்றார். ஆறு பீஸுக்கும் ஆள் கிடைத்தது. ஏழாவதைப் பிடுங்கினார். எதுவும் நிற்கவில்லை.

அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. “அது சும்மா கிடக்கிற பீஸா இருக்கும் அண்ணாச்சி. விடுங்க.”

“சும்மா கிடக்கதுக்கு எவனும் பீஸ் போட மாட்டான் சார்.”

மத்தியானம் மணி பன்னிரண்டு ஆனது. முடிகிறவரை யாரும் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்றுவிட்டார். பால்காரர் கேனை எட்டி என் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு நின்ற இடத்திலிருந்தே வாடிக்கைக்காரர்களுக்குப் போன் செய்தார். நாளைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா முனகினாள். அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்கும் அத்தானுக்கும் தெரியும்.

ஒண்ணொண்ணா ஏழாவதைத் திரும்பச் சொருகிவிட்டு, வேனுக்குள் சுவரை விரலால் தடவிக்கொண்டே போனார். கழிவறைக்குள் போய் நின்றார். அங்கே வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் மிளகளவு ஒரு புடைப்பு. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார், ஒரு பட்டன் தெரிந்தது. அமுக்கினார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குருவி கத்தியது. நடிகர் நடிகைகள் ஆளைக் கூப்பிட வைத்திருந்த காலிங் பெல்! அதன் மேல்தான் அத்தான் இரண்டு கோட் அடித்திருந்தார்.

நேராக அக்காவிடம் வந்தார். “இதுக்கு நீங்கதாம்மா ஆளு.”

அக்கா எழுந்தாள். கையைப் பிடித்து ஏற்றினோம். கழிவறைக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். குருவி கத்தியது. அவர் பீஸைப் பிடுங்கினார், சத்தம் இல்லை. திரும்பச் சொருகினார், கத்தியது. சோதனை முடிந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்தவள் விடவில்லை. இன்னும் நாலு தடவை அமுக்கினாள். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. “காலைல ஆறு மணிதானே?” என்று மட்டும் கேட்டாள்.

பெயர் எழுதும்போதுதான் அடுத்த வம்பு. பீஸுக்கு அடியில் ‘டீச்சர்’, அத்தானுக்கு ‘சார்’, எனக்கு ‘மச்சான்’, ‘பால்காரர்’ என்று ஆள் பெயரை ஒட்டிக்கொண்டே போனார். பேன், மோட்டார் என்று எழுதக் கூடாதா என்று அத்தான் கத்தினார். சாமானை நாளைக்கு மாற்றினாலும் மாற்றுவீர்கள், அன்றைக்கு அங்கே நின்ற ஆள் மாறுமா என்று பதில் வந்தது. ஏழாவதில் ‘அம்மா’ என்று எழுதினார். மெயின் பீஸுக்கு எதுவும் எழுதாமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் தஞ்சாவூர் தாண்டி அத்தானிடமிருந்து எனக்குப் போன். “பீஸ் ஒண்ணு கருகிக் கிடக்கு, அடில மச்சான்னு எழுதியிருக்கான். ஏலே, நீ என்ன சாமான்?”

“பிரிட்ஜு அத்தான்.”

“அதானே பாத்தேன். ஒன்னையத்தான் மாத்தணும்.”

அதற்கு முன்னாலேயே ஒருமுறை குருவி கத்தியதாம். அத்தான் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார். அக்கா அதற்குள் கழிவறையை விட்டு வந்து ஜன்னலோரம் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சத்தம் கேட்குதா என்று சும்மா அமுக்கிப் பார்த்தாளாம்.

அதற்குப் பிறகு அக்கா நாலைந்து ஊர் போய்விட்டாள். ஒண்ணொண்ணா கடையைக் காலி செய்து மகள் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார். சென்ற மாதம் அங்கே பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பால்கோவா தின்று முடித்து, இலையை மடித்துப் போட்டு, கை கழுவிய பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு விஷயங்கள் இருந்தன. மெயின் பீஸுக்கு அடியில் அக்கா தன் கையால் ‘ஒண்ணொண்ணா’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள் என்பது ஒன்று. அதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, துண்டை எடுத்துக் கையை மறுபடியும் துடைத்தார்.

எங்கள் எல்லோருக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும் என்பது இரண்டாவது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு சொன்னால் அவருக்கு ஆகாது என்று அதை மனதிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.