அரக்கு முத்திரை

மூன்று மணி நேரம், இருபது நிமிடம். பெருமூச்சு ஐயாவைப் பார்க்க அன்றைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதர்களுக்குத்தான் அலுப்பு. அவர்கள் கொண்டுவந்த வண்டிகள் பொறுமையாக நின்றன. நிற்பதுதான் அவற்றின் வியாதியே.

ஐயா வண்டிகளுக்குப் பேய் ஓட்டுகிறவர். மனிதர்களைப் பிடித்த பேயை ஓட்ட எங்கும் ஆள் இருக்கிறது. அந்தத் தொழிலில் போட்டி அதிகம். வண்டிப் பேய்க்கு இவர் ஒருவர்தான். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானம், நடுவில் தகரக் கொட்டகை, சுற்றிலும் பழைய வேன்களும் டாக்சிகளும். ஓட்டி வந்தவை சில. தள்ளி வந்தவை பல.

சிகிச்சை எளிமையானது. ஐயா வண்டியை மூன்று முறை சுற்றுவார். பானெட்டில் காதை வைத்துக் கேட்பார். ஏதோ முணுமுணுப்பார். பிறகு பெட்ரோல் டாங்க் மூடியை மெல்லத் திருகுவார். 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் வரும். ஆவி பெருமூச்சு விட்டபடி வெளியேறுகிறது என்று பொருள். கூட்டம் பயத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

போன ஆவி திரும்பாமலிருக்க, மூடியின் நடுவில் கறுப்பு அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தால் ஒரு முத்திரை வைப்பார். பெட்ரோல் போட மூடியைத் திறக்கலாம். அரக்கைச் சுரண்டக் கூடாது. வழியில் வண்டி நின்றால் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே இருப்பது கோபமாக இருக்கும். நேராக இங்கே வந்துவிட வேண்டும். எல்லோரும் வந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் ஒருவர் ஐந்தாவது முறையாக வந்திருந்தார். ஐயாவின் சக்திக்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஐஸ்காரரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரே ஒரு சொல். மீன் கடைகளுக்கு ஐஸ் கட்டி கொண்டுபோகும் அவருடைய பழைய பிக்கப், கொளுத்தும் மதியம் ஒன்றில் நடுரோட்டில் நின்றது. ஒர்க்‌ஷாப்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆவி அடைத்திருக்கிறது, எஞ்சின் ஆறட்டும், பெட்ரோல் குழாயைச் சூடு படாமல் தள்ளிக் கட்டிவிடலாம் என்றார். ஐஸ்காரர் 'ஆவி' வரைக்கும் கேட்டார். மீதி வாக்கியம் முடிந்தபோது அவர் அங்கே இல்லை.

ஐயா பானெட்டில் காதை வைத்துக் கண்டுபிடித்தார். ஏறியிருப்பது பெண். வயதானவள். மாப்பிள்ளை மேல் மனக்குறை உள்ளவள். சமீபத்தில் உறவில் யாராவது போனார்களா? ஐஸ்காரரின் மாமியார் போயிருந்தார். ஐஸ்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. மனக்குறை இல்லாத மாமியார் எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி ஐஸ் கட்டிகளைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எங்கம்மா உயிரோட இருந்தப்போ இந்த வண்டியில ஏறவே மாட்டாங்க. வாந்தி வருதுன்னு நடந்தே போவாங்க. செத்தப்புறம் எப்படிங்க ஏறினாங்க?"

"செத்தவங்களுக்கு வாந்தி வராதே" என்றார் ஐஸ்காரர்.

அவருக்கு யோசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முத்திரை வைத்த பிறகு வண்டி தினமும் நின்றது. வெயிலில் ஒரே ஒரு முறை நின்ற வண்டி இப்போது மழையிலும் நின்றது. ஐஸ் தண்ணீராகக் கடை போய்ச் சேர்ந்தது. இரண்டு கடைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை ஐயா அரக்கை இன்னும் தடிமனாக ஊற்றினார். வண்டி இன்னும் சீக்கிரம் நின்றது. கடைசியில் ஐயா வருத்தத்தோடு தீர்ப்புச் சொன்னார். மாமியார் இறங்கமாட்டார், வண்டியை விற்றுவிட வேண்டும். ஆவிக்குப் பயப்படாத நல்லவர் ஒருவர் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வார். அந்த நல்லவரின் மூக்கும் ஐயாவின் மூக்கும் ஒரே அச்சில் வார்த்தவை.

வண்டி போனால் தொழில் போனது. இன்னொரு வண்டிக்கு வழியில்லை. மனைவி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், எந்த ஆவியைச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"பெட்ரோல் ஆவிம்மா. வெந்நீர்ல வருமே, அந்த மாதிரி. வேற எந்த ஆவி?"

அவர் குழாயைத் தள்ளிக் கட்டிக் கொடுத்தார். மறுநாளும் வண்டி நின்றது. இந்தத் தடவை அவருக்கும் காரணம் பிடிபடவில்லை.

பிடிபட்டது அடுப்படியில். புது எண்ணெய் டின்னில் அவள் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தாள். களக், களக் என்று இரண்டு வாய் வந்து எண்ணெய் நின்றுவிட்டது. எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டாள். ஒழுங்காக ஊற்றியது. எப்போதும் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் ஆணியைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

சாவியை ஒப்படைக்க வேண்டிய நாள் வந்தது. பிக்கப் மைதானத்து வாசலிலேயே நின்று, நாலு பேர் தள்ளி உள்ளே வந்தது. வாங்குகிறவர் காத்திருந்ததால் ஐஸ்காரருக்கு மட்டும் வரிசை கிடையாது. கடைசியாக ஒரு முறை மாமியாரைச் சாந்தப்படுத்துவதாகச் சொல்லி ஐயா மூடியை நோக்கிக் கை நீட்டினார்.

"ஐயா, மூடியைத் தொடாம மந்திரம் மட்டும் சொல்லி ஓட்டுங்களேன்" என்றாள் கூடவே வந்திருந்த மனைவி.

ஐயா அது முறையில்லை என்றார். ஆனால் வரிசையில் நின்ற பள்ளிக்கூட வேன் ஓட்டுநருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐயாவால் முடியாதது உண்டா, இந்த அம்மாவுக்குக் காட்டிவிடுங்கள் என்றார். கூட்டமும் ஆமாம் போட்டது. பக்தர்களைப் போல ஆபத்தானவர்கள் யாரும் இல்லை.

ஐயா சுற்றினார். முணுமுணுத்தார். ஐஸ்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, கிளம்பவில்லை. ஐயா இன்னும் வேகமாகச் சுற்றினார். கிளம்பவில்லை. ஏழாவது சுற்றில் ஐயாவுக்கே மூச்சு வாங்கியது.

"இப்ப நான் திறக்கறேன். எனக்கு மந்திரம் தெரியாது" என்றவள், ஒரு மெல்லிய காகிதத் துண்டை எல்லோருக்கும் காட்டினாள். "ஆவி வெளிய போனா இது பறக்கணும். யாரும் கண்ணை மூடாதீங்க."

காகிதத்தை மூடியருகே பிடித்துக்கொண்டு திருகினாள். உஸ்ஸ். காகிதம் பறக்கவில்லை. இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு, ஒரு முனை உள்ளே இழுபட்டது. ஐஸ்காரர் சாவியைத் திருப்ப, வண்டி கிளம்பியது.

"எதுவும் வெளிய வரலை. காத்துதான் உள்ள போச்சு" என்றாள்.

தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அரக்கைச் சுரண்டினாள். அடியில் கடுகளவு ஒரு துளை தெரிந்தது. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று போகிற வழி அது. அதை அடைத்தால் டின்னில் எண்ணெய் நிற்பதுபோல டாங்கில் பெட்ரோல் நிற்கும், வண்டியும் நிற்கும். முதல் தடவை இங்கே வருகிற வண்டிகள் கிளம்பியதற்கும் காரணம் சொன்னாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால் எந்தச் சூடான எஞ்சினும் ஆறிவிடும்.

கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் மூடியைப் பார்க்க ஓடினார்கள். மீதிப் பேர் ஐயாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். மண்டைக்குள்ளும் காற்று போக ஒரு துளை வேண்டியிருக்கிறது. அதில் அரக்கு ஊற்ற வரிசையில் நின்று தலையைக் குனிந்தால் யார்தான் ஊற்றமாட்டார்?

நம்பிக்கை இல்லாத இடத்தில் தனக்கு வேலை இல்லை என்று சொல்லி ஐயா கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். அங்கே அவருடைய கார் நின்றது. மூக்கு உறவினர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

வேன் ஓட்டுநர் மட்டும் பின்னாலேயே ஓடினார். கையில் உருக்கிய அரக்குக் கிண்ணம். இத்தனை முறை வந்தவருக்கு நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? ஐயாவின் கார் மூடியில் முத்திரையே இல்லாததைப் பார்த்து அவருக்கு மனம் பதறிவிட்டது.

"இவ்வளவு பேர் கண்ணு பட்டிருக்கு ஐயா. வெறும் மூடியோட போகாதீங்க. நானே வெச்சுவிடறேன்."

கிண்ணத்தைச் சாய்த்தார். ஐயா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"டேய், அதுல ஊத்தாதடா. ஊத்தினா வண்டி பாதி வழியில நின்னுடும்."