இரண்டு மூக்குள்ள பத்துக் காசு

பிழைக்காசுக்காரர் என்று ஒரு மனித இனம் உண்டு. காசு சேர்ப்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் நல்ல காசைச் சேர்ப்பார், பாவம், தொந்தரவில்லாதவர். இவருக்கு நல்ல காசு கண்ணிலேயே படாது. அச்சடிக்கும்போது கோணிப்போன காசு, ஓரம் வெட்டுப்பட்ட காசு, எழுத்தில் பாதி விழாமல் பிறந்த காசு, இவை கிடைத்தால்தான் இவருக்குச் சோறு இறங்கும். கிடைத்ததும் படம் எடுக்க வேண்டும். எடுத்ததை உங்களிடம் காட்ட வேண்டும். நீங்கள் "அடடா" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தப்பியவர் எங்கள் ஊர் காஜா பேராங்கில் எவருமில்லை.

அடையாளம் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பூதக்கண்ணாடி இருக்கும். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கியதும் நகர மாட்டார். பின்னால் ஆறு பேர் பையும் கையுமாக வேர்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு காசையும் வெயிலில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பி, "இது வேணாம் தவுக்கே, அந்த டப்பாவில உள்ளதக் குடு" என்பார். கடைக்காரச் சீனர் "சாமா சாஜா லா!" என்று மலாயில் கத்தித் தலையில் அடித்துக்கொள்வார். எல்லாம் ஒன்றுதானாம். ஒன்றா? அந்த வார்த்தை அன்று முழுக்க இவருக்குச் செரிக்காது. நாடு சுதந்திரம் வாங்கிய வாரத்தில் ஊரே கொடி வாங்கியது. இவரும் வாங்கினார். கொடியைக் கடையிலேயே விட்டுவிட்டு, மீதிச் சில்லறையோடு வீட்டுக்கு வந்தார்.

சாவு வீட்டிலும் விடமாட்டார். எங்கள் தெரு நல்லையா காலமானபோது, நெற்றியில் ஒட்டியிருந்த காசுக்கு மேல் குனிந்தபடி ஒருவர் வெகுநேரம் அசையாமல் நின்றார். "எவ்வளவு பாசம் பாருங்க" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வருஷம் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒருவர்தான் ராஜரத்தினம். ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் வேலை. மனைவி பாக்கியலட்சுமி, ஒரே மகள் சந்திரமதி. சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் இவருக்கு ஒரு பத்துக் காசு கிடைத்தது. அச்சு இரண்டு முறை விழுந்து, காசிலுள்ள ராணிக்கு இரண்டு மூக்கு. தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, அதில் காசைப் படுக்கவைத்து என்னிடம் எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்பதால் ஊரில் எனக்கு மிஸ்ஸி என்று பெயர்.

"மிஸ்ஸி, நல்லாப் பாருங்க. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு."

"தெரியலியே."

"கண்ணாடி வழியாப் பாருங்க!"

"ஆமா, தெரியுது. ஜலதோஷம் பிடிச்சா ரொம்பச் சிரமம்."

அவர் சிரிக்கவில்லை. இந்த இனத்துக்குச் சிரிப்பு வராது.

பிறகு படம். அவருடைய பெட்டிக் கமராவுக்கு ஆறடிக்குள் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஆகவே அதன் முன்னால் பூதக்கண்ணாடியைக் கட்டி, மனைவியைக் குடை பிடிக்கச் சொல்லி, வெயிலில் மண்டியிட்டு, மூச்சை அடக்கி எடுப்பார். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். கழுவி வந்தால் எட்டும் உளுந்து வடை.

இந்த வடைகளுக்கு நடுவில்தான் சந்திரமதி தாதிப் பயிற்சிக்கு மனுப் போட்டாள். மனுப் பாரம் நிரப்பியாயிற்று, ஒரு படம் மட்டும் ஒட்ட வேண்டும். சனிக்கிழமை நண்பகல் கடைசி நேரம். தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் செங் என்ற ஊரில் இருக்கும் அத்தை பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை வந்து நடுவீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

"ஸ்டூடியோவுக்குப் போகட்டுமே" என்றேன்.

"எதுக்குத் தண்டச் செலவு? நம்ம கமரா இருக்கு" என்றார் ராஜரத்தினம். புதுச் சுருள் போட்டார். மகளுக்கு ஒரு படம். மிச்சம் ஏழும் மூக்குக்கு. நியாயமான பங்கீடு. ஆனால் மகளை எடுத்த அவசரத்தில் சுருளை அடுத்த படத்துக்குத் திருப்ப மறந்து, அதன் மேலேயே காசையும் எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை படம் வந்தது. சந்திரமதியின் தலைமுடி இருந்தது, ரவிக்கை இருந்தது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு பத்துக் காசு உட்கார்ந்திருந்தது. அத்தனை சுருளில் முதல் முறையாக இரண்டு மூக்கும் ஊசி முனை மாதிரித் தெளிவு.

"பாத்தியா! இப்ப என்ன சொல்றே?" என்று மனைவியைப் பார்த்துத் துள்ளினார்.

"அப்பா, என் மூக்கு எங்க?" என்றாள் மகள்.

பாக்கியலட்சுமி குடையை மடக்கி மூலையில் எறிந்தாள்.

மறுநாள் காலை சந்திரமதியைப் பண்டார் ஹிலிர் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் என்னிடம் நோட்டுத்தான் இருந்தது. கண்டக்டர் சில்லறை இல்லையென்று, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். சந்திரமதி கைப்பையைத் திறந்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள். பஞ்சை விலக்கினாள்.

"ரெண்டு பேருக்கு" என்றாள்.

கண்டக்டர் ராணியைப் பார்க்கவேயில்லை. காசு தோல்பைக்குள் விழுந்தது. இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"பத்துக் காசுதானே, மிஸ்ஸி."

சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பாரத்தைக் கையிலேயே கொடுத்தோம். இடம் கிடைத்தது. கையில் நடுக்கமில்லாத பெண். புண் கட்ட அதுதான் முதல் தகுதி.

அவள் கிளம்பிய அன்று தகப்பனார் பஸ் வரை வந்தார். பெட்டியைத் தூக்கி ஏற்றினார். "கவனமா இரு, ஆயி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் ஐந்து வெள்ளி நோட்டை நீட்டி, எல்லாம் பத்துக் காசாகக் கேட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பஸ்ஸில் அந்தப் பெண் தீப்பெட்டியைத் திறந்தபோது உங்கள் வாய் என்ன சொன்னது? "நல்ல வேளை" என்றதா, "ஐயோ" என்றதா? அது எந்த வருஷத்துக் காசு என்று நான் சொல்லவேயில்லையே என்று இப்போது உள்ளுக்குள் அரிக்கிறதா?

அப்படியானால் உங்களுக்கும் முற்றிவிட்டது. பூதக்கண்ணாடி மட்டும்தான் பாக்கி.