கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல்வர்

முதலாண்டு மாணவர்கள் அனைவருக்கும் மனம் என்ற ஒன்று உண்டு என்பதைக் கல்லூரி நிர்வாகம் சென்ற ஆண்டு முறைப்படி அங்கீகரித்தது. பக்கத்துக் கல்லூரியில் அங்கீகரித்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். உடனே 'உளவியல் அறிமுகம்' என்று ஒரு பாடம் வந்தது. அதைச் சொல்லித்தர ஒரு தற்காலிக ஆசிரியை வந்தார். மாணவர்கள் அவருக்கு 'மனசு மேடம்' என்று பெயர் வைத்தார்கள். இந்த ஆண்டு பக்கத்துக் கல்லூரியில் ட்ரோன் பறந்தது. அன்றோடு நம் முதல்வருக்கு மனத்தின் மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போயிற்று.

"மனசை எங்க வேணா உட்கார்ந்து படிக்கலாம். ட்ரோனுக்கு இடம் வேணும்," என்று சொல்லி, உளவியல் ஆய்வறையை அளந்து பார்க்கத் தாமே எழுந்தருளுவதாக அறிவித்தார். அறை போனால் பாடம் போகும். பாடம் போனால் மனசு மேடம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் மாமியார் வேறு, "எங்க மருமக ஆளைப் பார்த்தே மனசுல இருக்கறதைச் சொல்லிடுவா" என்று தெரு முழுக்கப் பீற்றி வைத்திருந்தார். முதல்வர் மனசில் இருந்ததைத்தான் மருமகளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஆய்வறை, அறைக்குள் ஓர் அறை. நடுவில் ஒரு கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. வெளியே இருப்பவர்களுக்கு ஜன்னல். உள்ளே ஓர் ஆளை விட்டு, அவர் என்னென்ன செய்கிறார் என்று மாணவர்கள் வெளியிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே பேசுவது வெளியே கேட்க ஒரு மைக் உண்டு. அது ஊமையாகி மாதக்கணக்காகிறது. உள்ளறைக் கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். அதன் உள்பக்கக் கைப்பிடி கழன்று விழுந்து மூலையில் கிடந்தது. இரண்டையும் சரிசெய்யக் கோரிய விண்ணப்பம் முதல்வர் மேசையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கதவில் மட்டும் முதல்வர் கையெழுத்தோடு ஒரு பலகை பளபளத்தது: 'ஆய்வு நடைபெறும் வேளையில் எக்காரணம் கொண்டும் எவரும் குறுக்கிடலாகாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

அன்று காலை, கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்ப்போமே என்று மனசு மேடம் முதல்வர் அறை வாசலில் காத்துக்கிடந்தார். "உட்காருங்கம்மா, ஐயா இப்ப வந்துடுவார்," என்றார் உதவியாளர். ஐயா வந்தபாடில்லை. வகுப்புக்கு நேரமாகிவிடவே, மேடம் ஓட்டமும் நடையுமாக ஆய்வறைக்கு வந்து சேர்ந்தார்.

நாற்பது மாணவர்களும் கண்ணாடி முன் உட்கார்ந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஓர் ஒழுங்கை அந்த வகுப்பில் அவர் கண்டதே இல்லை.

"சூப்பர் மேடம். இந்தத் தடவை நல்ல ஆளா பிடிச்சு உள்ள விட்டிருக்கீங்க," என்றாள் முதல் பெஞ்சுக்காரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கையில் அளவு டேப்போடு முதல்வர் நின்றிருந்தார். மேடம் முதல் பெஞ்சுக்காரி பக்கம் திரும்பினார்.

"எப்பலேர்ந்து உள்ள இருக்கார்?"

"நாங்க வர்றப்பவே இருந்தார் மேடம். சுவரை அளந்தார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினார். வயித்தை உள்ள இழுத்துப் பார்த்தார். பரிசு வாங்கற மாதிரி கையை நீட்டி, மூணு விதமா சிரிச்சுப் பழகினார். அப்புறம்தான் கதவைத் தள்ளினார், உதைச்சார். இப்ப வாயை வாயைத் திறக்கிறார். இதைக் கோபம்னு எழுதணுமா, பதற்றம்னு எழுதணுமா? எங்களுக்குள்ள ஒத்துவரலை."

"ஏன்டி, மனுஷன் மாட்டிக்கிட்டார்னு ஒருத்தருக்குமா தோணலை?"

"தோணுச்சு மேடம். குறுக்கிடக்கூடாதுன்னு பலகை இருக்கே. தவிர இத்தனை பேர் இருக்கோம், யாராவது போய்ச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம்."

மேடமும் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பொய் சொல்வானேன், கொஞ்சம் நன்றாகவே இருந்தது. பிறகு சாவிக்காக ஓடினார்.

சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் இருந்தது. அவர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாவி குடுக்கணும்னா முதல்வர் கையெழுத்து வேணுமேம்மா."

"முதல்வர்தான் சார் உள்ள மாட்டிக்கிட்டிருக்கார்."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு. மத்த நாள்ல அவரைப் பிடிக்கவே முடியாது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கதவுக்கு அடியில தள்ளுங்க."

மேடம் எழுதினார். 'பொருள்: உள்ளே இருக்கும் முதல்வரைத் திறந்துவிட முதல்வரின் அனுமதி கோருதல்.' தாள் கதவிடுக்கில் நுழைந்தது.

மணியடித்தால் நாய்க்கு வாய் ஊறும் என்று பாடத்தில் வருகிறது. ஓரம் விட்டு எழுதிய தாளைக் கண்டால் நம் முதல்வருக்குக் கை துறுதுறுக்கும். கதவை உதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று அடங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, கோப்புகளில் எழுதும் வழக்கப்படியே 'பேசுக' என்று எழுதித் திருப்பித் தள்ளினார். வெளியே நாற்பது பேனாக்களும், 'தாளைக் கண்டதும் அமைதி' என்று குறித்துக்கொண்டன.

'பேச இயலாது. மைக் பழுது. அது குறித்த விண்ணப்பம் தங்கள் மேசையில் உள்ளது,' என்று மேடம் எழுதி அனுப்பினார். 'கண்காணிப்பாளரின் கருத்து தேவை' என்று பதில் வந்தது. சாவியோடு கூடவே வந்து நின்ற கண்காணிப்பாளர், 'முதல்வர் உள்ளே அகப்பட்டதற்கு முன்னுதாரணம் இல்லை. முடிவுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று எழுதினார். முதல்வர் அதை இரண்டு தடவை படித்தார். தலையை ஆட்டினார். 'நிலுவையில் வைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி கதவை உதைக்க ஆரம்பித்தார்.

இப்போது அவர் முகம் வெளுத்திருந்தது. மேடத்துக்கு உண்மையிலேயே பாவமாகிவிட்டது. இவர் எந்தக் காகிதத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று அவருக்குத் தெரியும். அதை எழுதினால் தன் சீட்டைத் தானே கிழித்துக்கொண்டதாகும் என்பதும் தெரியும். மாமியார் முகம் கண்முன் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'உளவியல் பாடத்தை மூடி, ட்ரோன் பயிற்சிக்காக இவ்வறையை உடனே திறந்து ஒப்படைக்க அனுமதி வேண்டுதல்.'

தாள் போன வேகத்தில் திரும்பி வந்தது. 'அனுமதிக்கப்படுகிறது. மிக அவசரம்.'

கண்காணிப்பாளர் கையெழுத்தைச் சரிபார்த்துச் சாவியைப் போட்டார். கதவு திறந்தது. முதல்வர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். யாரைக் கடித்துக் குதறலாம் என்று திரும்பியவர், அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். ஸ்டூல் தெரிந்தது. கீழே கிடந்த சீப்பு தெரிந்தது. மாணவர்கள் கையில் இருந்த நோட்டுகளும் தெரிந்தன.

"இவங்க... எல்லாத்தையும் பார்த்தாங்களா?"

"குறிப்பும் எடுத்தாங்க ஐயா," என்றார் மேடம் பணிவாக. "ஆனா கவலைப்படாதீங்க. ஆய்வுல பார்த்ததை வெளிய பேசக்கூடாதுங்கறது எங்க பாடத்தோட முதல் விதி. பாடம் இருக்கறவரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க."

"பாடம் இருக்கறவரைக்கும்?"

"பாடத்தை மூடிட்டா விதியும் போயிடுமே ஐயா."

முதல்வர் கையை நீட்டினார். கையெழுத்திட்ட தாளை வாங்கினார், நாலாகக் கிழித்தார். "மனசுங்கறது ரொம்ப முக்கியமான விஷயம்மா," என்றார். "ட்ரோனை மொட்டை மாடியில விட்டுக்கலாம்." அந்த வாரமே மேடத்தின் வேலை நிரந்தரமானது. மாமியார் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்.

மேடம் சந்தோஷமாக நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். கடைசிக் கேள்வி: 'இன்று கண்டது, சென்ற வாரம் படித்த எந்தக் கருத்துக்கு எடுத்துக்காட்டு?' அத்தனை பேரும் சரியாக எழுதியிருந்தார்கள்: ஆபத்தில் இருப்பவரைப் பார்ப்பவர்கள் பெருகப் பெருக, உதவுபவர்கள் குறைவார்கள், யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். முதல் பெஞ்சுக்காரி மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தாள்: 'பார்த்தவர்கள்: நாங்கள், பிறகு மேடம், பிறகு கண்காணிப்பாளர், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்த முதல்வரும்.'

மேடம் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

கைப்பிடி இன்னும் அந்த மூலையில்தான் கிடக்கிறது. இப்போது கல்லூரி முழுவதற்கும் அது தெரியும் என்பதால், யாரும் யாரிடமும் சொல்லவில்லை.