செர்வா அத்தையைப் பிடுங்காதீங்க!

தக்கொராடியில் பாலர் பள்ளி வாத்தியாராக இருந்துகொண்டு ஊரார் பிள்ளைகளைக் கெடுத்துவரும் தம்பி யாவுக்கு, குமாசியிலிருந்து அண்ணன் அஜெய் ஆசிகளுடன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம், அங்கு உன் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நம் செர்வா அக்கா உயிரோடுதான் இருக்கிறாள். வேறு மாதிரி செய்தி உன் காதுக்கு வந்திருந்தால் அதற்குக் காரணம் நீ. போனில் கேட்கலாமென்றால், நான் குரலை உயர்த்தியதும் 'சிக்னல் இல்லண்ணே' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

ஈஸ்டருக்கு வந்திருந்தாயே, அப்போது உன்னிடம் என்ன கேட்டேன்? என் மகள் அஜோவாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துக் குழி விழுந்துவிட்டது. நாலரை வயசுக் குழந்தை, மெல்லவே தேவையில்லாத ஃபுஃபுக் களியை விழுங்கக்கூட முகத்தைச் சுளிக்கிறாள், தூக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். முதன்முதலாகப் பல் டாக்டரிடம் போகப்போகிறாள், ஊசி, வலி என்ற பேச்சே எடுக்காமல் நாலு நல்ல வார்த்தை சொல்லித் தயார்பண்ணுடா என்றேன். இவ்வளவுதானே கேட்டேன்? நீ என்ன செய்தாய்? அவளை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பல்லுக்கும் நம் சொந்தக்காரர்கள் பெயரை வைத்தாய்! "பாப்பா, உன் வாய்க்குள்ள நம்ம ஆளுங்க எல்லாரும் வரிசையா உக்காந்திருக்காங்க. டாக்டர் வந்தா ஒவ்வொருத்தருக்கும் வணக்கம் சொல்லுவாரு. வணக்கம் சொல்ல வர்றவர் மூஞ்சில கதவைச் சாத்தலாமா? வாயை நல்லாத் திறக்கணும்." அடேங்கப்பா, என்ன மூளை!

அன்றிலிருந்து பிள்ளை வாயை மூடவில்லை. கடைக்கு நீலப் பெயிண்ட் வாங்க வந்த ஆள் முன்னால் போய் ஆவென்று நின்று, "எங்க அம்மாவுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போங்க" என்கிறாள். அந்த மனிதன் பயந்துபோய்ப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டான். போன ஞாயிறு பாதிரியார் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து அவள் வாய்க்குள் நம் குடும்பம் முழுவதையும் நலம் விசாரித்தார். சபையே பார்த்தது.

சரி, பல் ஆஸ்பத்திரிக்கு வருவோம். டாக்டர் அமங்க்வா தங்கமான மனுஷர். ஆனால் அந்தச் சின்னக் கண்ணாடியை இடது கையில் பிடித்திருந்தார். எல்லாப் பல் டாக்டரும் அப்படித்தானாம், வலது கையில் வேறு சாமான் இருக்குமாம். இவள் டப்பென்று வாயை மூடிக்கொண்டாள். "இடது கையால வணக்கமா? பெரியவங்க உக்காந்திருக்காங்க!" படித்த மனுஷர், என் மகளிடம் மன்னிப்புக் கேட்டுக் கையை மாற்றிக்கொண்டு, ஒவ்வொருவராக விசாரித்துக் கடைசிக்கு வந்தார். "இந்தக் கடைசில இருக்கிறது யாரும்மா?" இவள் என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அப்புறம் "செர்வா அத்தை" என்றாள். டாக்டர் பெருமூச்சு விட்டு, "அத்தை சொத்தையாயிட்டாங்களே. இனிமே காப்பாத்த முடியாது. எடுத்துரணும்" என்றார்.

போட்டாள் பார் ஒரு சத்தம்! "செர்வா அத்தையைப் பிடுங்காதீங்க!" பிடிக்கப் போன என் விரலைக் கடித்தாள். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வலியில் கண்ணீர் வழிய வெளியே வந்தால், நம் தெருமுனையில் சோளமாவுக் கென்கி உருண்டை விற்கும் மான்சா உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. "ஐயோ அஜெய், செர்வாவா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "ஆமா, செர்வாதான்! எல்லாம் முடிஞ்சுபோச்சு, போ!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், வாசலில் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்குகின்றன. கறுப்பும் சிவப்புமாகத் துக்கத் துணி சுற்றிக்கொண்டு பாதித் தெரு உட்கார்ந்திருக்கிறது. ஒருவன் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் சந்தையிலிருந்து அக்கா தலையில் கிழங்குக் கூடையோடு வந்துவிட்டாள். ஊரே அழுகிறதைப் பார்த்துக் கூடையை இறக்கி வைத்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தானும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "யாரு போனது?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தவள் நாற்காலியோடு கவிழ்ந்தாள்.

விஷயம் தெரிந்ததிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. "நான் சொத்தையாடா? உன் பொண்ணு வாயில நான் சொத்தையா?" என்றதுதான் கடைசி. வேர்க்கடலைக் குழம்பு வைத்து வளவு முழுக்கக் கொடுக்கிறாள், எனக்கு மட்டும் இல்லை. தெருப் பிள்ளைகள் 'அத்தை சொத்தை, அத்தை சொத்தை' என்று பாடுகின்றன. அதுகூடப் போகட்டும். பிள்ளைக்குக் கன்னம் வீங்கிவிட்டது, யாவ். சீக்கிரம் எடுக்காவிட்டால் சீழ் தாடைக்குள் இறங்கிவிடும் என்கிறார் டாக்டர். இவளோ பல்லைக் கடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கஞ்சிகூட வேண்டாம் என்கிறாள். என் மனைவி போமா ஒரு பக்கம் அழுகிறாள். ஆகவே மரியாதையாக அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, நீ வைத்த பெயர்களை ஒன்று விடாமல் நீயே திரும்ப எடுத்துக்கொண்டு போ.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும், முப்பத்திரண்டு நல்ல பற்களும், அவற்றில் ஒன்றுக்குக்கூட என் பெயர் இல்லாத பாக்கியமும் அருள்வாராக.

இப்படிக்கு,
கோபம் தணியாத அண்ணன்,
அஜெய்
கர்த்தர் பொறுமையுள்ளவர் பெயிண்ட் கடை, குமாசி.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். குழந்தை முனகுவதைப் பொறுக்க முடியாமல் அக்காவே நேற்று அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அத்தை நானே சொல்றேன், என்னை எடுக்கச் சொல்லு பாப்பா. எனக்குத்தான் சாவு நாற்காலியே வந்துட்டுப் போயிருச்சே" என்றாள். இவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு அக்கா காதில் சொன்னாளாம்: "அது நீ இல்ல அத்தை. நீ முன்னாடி இருக்க, நல்லா இருக்க. அது அப்பா." அப்போ ஏன்டி என் பேரைச் சொன்னே என்றதற்கு, "அப்பா பக்கத்துல நின்னாரு. அவருக்கு அழுகை வந்துரும்ல?"

வந்துவிட்டது, யாவ். என்னை விட மனசில்லாமல்தான் பிள்ளை இவ்வளவு வலியைத் தாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள். நான் அவள் முன்னால் மண்டியிட்டு, "அப்பாவை எடுத்துரலாம்மா. நீ பெரிய பொண்ணானதும் அதே இடத்துல புது அப்பா முளைப்பாரு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புது அப்பாவும் கத்துவாரா?" என்று கேட்டாள். அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. கத்தமாட்டாரு என்றேன், மெதுவாகத்தான் சொன்னேன். வாயைத் திறந்தாள்.

இன்று காலை எடுத்தாயிற்று. அவள் அழவில்லை. வழக்கம்போலப் பல்லைக் கூரைமேல் எறியச் சொன்னால், "அப்பாவைக் கூரைமேல எறியவா?" என்று முறைக்கிறாள். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருக்கிறாள். பெயர்கள் அப்படியே இருக்கட்டும், நீ சும்மா வந்துவிட்டுப் போ. மேலே எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது. கொஞ்சம் மெல்லிய குரலில் படித்துக்கொள்.